படம் பதித்த மர ட்ரே: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: தங்கையின் புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாக, புதுச்சேரிக் கடை ஒன்றில் மர ட்ரே பார்த்து வைத்திருக்கிறேன். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுப் படத்தை ஆறு டைல்ஸாகப் பிரித்துப் பதித்திருக்கிறார்கள். விலை 2,800 ரூபாய். "தேக்கு, கைவேலை, படம் மங்கவே மங்காது" என்கிறார் கடைக்காரர். பில்லிலோ 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வாங்கலாம். ஆனால் 'மங்கவே மங்காது' என்ற பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள். படத்தை டைலில் எப்படி ஏற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பெரும்பாலும் போட்டோ மக் செய்கிற அதே முறைதான். டைல் மேல் ஒரு பூச்சு இருக்கும். ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் அழுத்தும்போது சாயம் அதற்குள் இறங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் ஒன்றும் ஆகாது. கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், தினமும் வெயில் பட்டால் வெளுக்கும். சூளையில் சுட்டு ஏற்றிய படம் இதைவிடப் பல மடங்கு உழைக்கும், விலையும் கூடும்.

கவனமாக இருக்க வேண்டியது மூன்றாவது வகையில்: காகிதத்தில் அச்சடித்து டைலில் ஒட்டி, மேலே ரெசின் (ஊற்றியதும் கெட்டியாகிற செயற்கைப் பிசின்) ஊற்றுவது. கடையில் கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஆனால் சாதாரண ரெசின் 60 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். டபராவில் ஊற்றிய காபி அதைவிடச் சூடு. எங்கள் வீட்டுக்கு அன்பளிப்பாக வந்த ட்ரேயில் முதல் பொங்கலன்றே டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுந்தது. ஆசையாகக் கொடுத்தவரிடம் சொல்லவும் முடியவில்லை. டைலின் ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள், காகித விளிம்பு இருந்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் மரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடலோர ஊர்களில் மரம் ஈரம் குடித்து உப்பும், டைல் உப்பாது. அதனால் நல்ல ஆசாரி டைலுக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டிருப்பார். இறுக்கி அடித்திருந்தால் டைல் விரிசல் விடும், இல்லையென்றால் பெயர்ந்து வரும். ஒவ்வொரு டைலையும் விரலால் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் அடியில் பசை சரியாகப் பிடிக்கவில்லை.

ட்ரேயைக் கவிழ்த்தும் பாருங்கள். அடியில் வெல்வெட் துணி ஒட்டியிருந்தால் அதற்குள் எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையா என்று கேட்டுவிடுங்கள். அது தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். சட்டம் தேக்கு என்றால் மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர வேண்டும், ஸ்டிக்கர் என்றால் விளிம்போடு நின்றுவிடும். ஆறங்குல டைல் ஒன்று கால் கிலோ வரை இருக்கும். ஆறுக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் காபி டம்ளர்கள்! கைப்பிடி பசையில் நிற்கக் கூடாது, ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, படத்தின் மேல் பலகாரத்தை நேரடியாக வைக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். தட்டோ வாழையிலையோ நடுவில் இருக்கட்டும்.

பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. குறை இருந்தால்தான் இது பொருந்தும், பிடிக்கவில்லை என்பதற்கு அல்ல. 'தேக்கு' என்ற சொல்லைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த ட்ரேயை விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் சொல்லலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நீங்கள் வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.