மாற்று ஆசிரியராக ஒரு மேல்நிலை வகுப்பில்: கேள்வி பதில்

பல வருடங்களாக மற்றவர்களின் வகுப்புகளைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: நாளை முதல் முறையாகப் பதினோராம் வகுப்புக்குப் போகிறேன் மேடம். போனதும் என்ன செய்ய வேண்டும்?

மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். உங்கள் பெயரையும் இன்று செய்ய வேண்டிய வேலையையும் பலகையில் எழுதிவிட்டு வாசலில் நில்லுங்கள். ஒவ்வொருவரும் உங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு வணக்கம், "பலகையில் இருப்பதை ஆரம்பிச்சிடு" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பிள்ளைகள் உங்களைச் சீண்டுவது வெறுப்பினால் இல்லை. இன்றைக்கு இங்கே எது செல்லும், எது செல்லாது என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்கு அவர்கள் ஆழம் பார்க்கும் முன்பே உங்களிடமிருந்து பதில் வந்துவிட வேண்டும்.

கேள்வி: பெயரை மாற்றிச் சொல்லி ஏமாற்றுகிறார்களே?

வகுப்பாசிரியர் உட்காரும் வரிசைப் படம் வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு தாளில் கட்டம் போட்டுச் சுற்றுக்கு விடுங்கள். அவரவர் இடத்தில் அவரவர் பெயரை எழுதட்டும். ஒருமுறை ஒரு பையன் பக்கத்து நண்பன் பெயரைச் சொன்னான், வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் பெஞ்சருகே போனபோது நோட்டு அட்டையில் வேறு பெயர் இருந்தது. குனிந்து, "வருகையை எந்தப் பெயரில் போடட்டும்?" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன். சரியான பெயரைச் சொன்னான். எல்லார் முன்னாலும் கேட்டிருந்தால் அந்தப் பீரியட் முழுக்க அவனோடு மல்லுக்கட்டுவதிலேயே போயிருக்கும்.

கேள்வி: கடைசி பெஞ்சில் பேச்சு நிற்கவே மாட்டேன் என்கிறது. கத்திக் கத்தித் தொண்டை போகிறது.

கத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் குரலை உயர்த்தினால் அவர்களும் உயர்த்துவார்கள். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து, 1970-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தாலும் வகுப்பின் ஒழுங்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார். மொத்த வகுப்பிலும் கண் வைத்திருந்து, பாடம் தடைபடாமல் நகர்த்திய ஆசிரியர்களின் வகுப்புகள்தான் ஒழுங்காக இருந்தன. என் அனுபவமும் அதேதான். நாற்காலியில் உட்காராதீர்கள். பாடத்தை நிறுத்தாமலே கடைசி வரிசைக்கு நடந்து போய், அங்கே நின்று இரண்டு வரி பேசுங்கள். பேசுகிற பையனைப் பார்க்கக்கூட வேண்டாம், அவன் நோட்டில் எந்தக் கணக்கு வரை வந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் திரும்பி வாருங்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தாலே பேச்சு குறைந்துவிடும்.

கேள்வி: "நீங்க எங்க டீச்சர் இல்லையே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னால்?

"ஆமாம், இல்லை. அவர் வரும்வரை இந்த வேலை என் பொறுப்பு." இதைச் சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தலைமேல் நின்றால் எந்தப் பதின்வயதுப் பிள்ளையும் பணிய மாட்டான், நண்பர்கள் பார்க்கிறார்களே! இரண்டு நிமிடம் விட்டால் பெரும்பாலும் தானாகவே பேனாவை எடுப்பான். அடிதடி என்றால் மட்டும் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உடனே பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட ஆள் அனுப்புங்கள்.

கேள்வி: ஒருவன் கழிவறைக்குக் கேட்டதும் வரிசையாக எல்லோரும் கேட்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர். பெயரும் போன நேரமும் பலகை ஓரத்தில்.

கேள்வி: நான் வரலாறு. இயற்பியல் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள், பாடக் குறிப்பும் இல்லை.

தெரிந்த மாதிரி நடிக்க வேண்டாம், பிள்ளைகள் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். "போன வகுப்பில் நடத்தியதை எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்டபின் பொறுமையாக இருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பாசிரியருக்கு என்ன எழுதி வைப்பது?

எந்தப் பக்கம் வரை முடிந்தது, யார் வரவில்லை, யார் உதவினார்கள். உதவியவர்கள் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், அடுத்த நாள் அவர்களைப் பாராட்ட அவருக்கு வேறு வழியில்லை. தொந்தரவு நடந்திருந்தால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். "மோசமான பையன்" என்று வேண்டாம், "இரண்டு முறை எழுந்து போனான், மூன்றாவது முறை சொன்னதும் உட்கார்ந்தான்" என்று எழுதுங்கள். உட்கார்ந்ததையும் விட்டுவிடாதீர்கள்.