பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவின் ஆளுநர் பட்டியலில் 1898–99 மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

அமெரிக்கக் கடற்படையின் அவசரம்தான் காரணம். 1898 ஜூனில், ஸ்பெயின்–அமெரிக்கப் போரின்போது, அமெரிக்கக் கேப்டன் ஹென்றி கிளாஸ் பீரங்கியால் சுட்டபோது, போர்ச் செய்தியே எட்டாத, தீவை ஆண்ட ஸ்பானியர்கள் அதை மரியாதை வேட்டு என்று நினைத்தார்கள். ஆளுநர் ஹுவான் மரீனாவையும் படையினரையும் கைதிகளாக ஏற்றிக்கொண்டு கிளாஸ் மணிலாவுக்குப் போய்விட்டார். காவலுக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை. அந்த இடைவெளியில் வணிகர் பிரான்சிஸ்கோ போர்டுசாக், ஸ்பானியக் கருவூல அதிகாரி ஹோசே சிஸ்டோ இருவருமே அதிகாரம் கோரினர். பட்டியலுக்குப் பட்டியல் பெயர் மாறுவது இதனால்தான்.

1899 ஆகஸ்டில் வந்த அமெரிக்கக் கடற்படை ஆளுநர் ரிச்சர்ட் லியரியிலிருந்து வரிசை தெளிவு. 1941 டிசம்பர் 10இல் ஆளுநர் ஜார்ஜ் மெக்மில்லின் ஜப்பானிடம் சரணடைந்தார். 1944 வரை ஜப்பானியர் ஆட்சி. 1949இல் கார்ல்டன் ஸ்கின்னர், முதல் சிவிலியன் ஆளுநர். கார்லோஸ் கமாச்சோவை மட்டும் இருமுறை எண்ணிவிடாதீர்கள்: 1969இல் நியமனம், 1970 தேர்தலில் வென்று 1971இல் பதவியேற்பு.