மல்லிகை விவசாயிகளிடம் ஆய்வு: 140 பதில்கள் போதுமா?

கேள்வி: மதுரையில் முதுகலை வணிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். திருமங்கலம் வட்டார மல்லிகை விவசாயிகளின் வருமானம் பற்றி ஆய்வறிக்கை தயாரிக்கிறேன். வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிய கூகுள் படிவத்துக்கு 140 பேர் பதில் தந்திருக்கிறார்கள். நெறியாளர் 100 பேர் போதும் என்கிறார். மாதிரி எடுத்த முறை என்ற இடத்தில் 'எளிய சமவாய்ப்பு மாதிரி' என்று எழுதிவிடும்படி சீனியர்கள் சொல்கிறார்கள். அப்படி எழுதலாமா? வாய்மொழித் தேர்வில் கேட்டால் என்ன சொல்வது? – வாசகி, திருமங்கலம்.

பதில்: அப்படி எழுத வேண்டாம். வட்டாரத்தில் மல்லிகை பயிரிடும் ஒவ்வொருவருக்கும் உங்கள் ஆய்வில் இடம்பெற ஒரே அளவு வாய்ப்பு இருந்திருந்தால்தான் அது எளிய சமவாய்ப்பு மாதிரி. அதற்கு முதலில் அவர்கள் அனைவரின் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். பிறகு சீட்டுக் குலுக்கியோ சமவாய்ப்பு எண்களைக் கொண்டோ பெயர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களிடம் வந்தவை, திறன்பேசி வைத்திருந்து, அந்தக் குழுக்களில் உறுப்பினராகவும் இருந்து, அன்றைக்குப் படிவத்தைத் திறந்து பார்க்கப் பொழுதும் வாய்த்தவர்களின் பதில்கள். வயது என்ற கேள்விக்கு வந்த விடைகளை ஒருமுறை பாருங்கள். 21, 22, 23 என்றே பெரும்பாலும் வந்திருந்தால், படிவத்தை நிரப்பியது தோட்டக்காரரின் மகனோ மகளோதான். பூச்சிமருந்துக் கடையில் எவ்வளவு பாக்கி என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. இந்த முறைக்கு 'வசதி மாதிரி' என்று பெயர். அதையே எழுதுங்கள்.

எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தக் குறை தீராது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, சுமார் 24 லட்சம் பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். அந்த முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அன்று அவை இரண்டும் பெரும்பாலும் வசதியுள்ளவர்களிடமே இருந்தன. பதில் அனுப்பியவர்களும் கால் பங்கினர் மட்டுமே.

100 என்ற எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. அதைச் சொல்லித்தராமல் எண்ணை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தருவது நம் கல்லூரிகளின் வழக்கமாகிவிட்டது. குலுக்கல் முறையில் 100 பேரை எடுத்து, அவர்களில் 40 விழுக்காட்டினர் நட்டம் என்று சொன்னால், வட்டாரம் முழுவதிலும் அந்த அளவு 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையுடன் சொல்லலாம். இந்த ஏற்ற இறக்கம் 5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டுமானால் ஏறக்குறைய 385 பேர் வேண்டும். குலுக்கல் இல்லாத மாதிரிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

இனிச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வட்டாரத்தில் மல்லிகை பயிராகும் கிராமங்களை எழுதி, அவற்றில் ஆறு கிராமங்களைக் குலுக்கி எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பது பதிவாகியிருக்கும். அதிலிருந்து பட்டியல் எழுதத் தொடங்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. அடங்கலில் பட்டாதாரர் பெயர் இருக்கும். குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு என்ற ஏற்பாட்டில்) பூந்தோட்டம் பார்ப்பவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. வருமானம் பற்றிய ஆய்வில் விடுபடவே கூடாதவர்கள் அவர்கள்தான். ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நாள் செலவிட்டு, தெருத் தெருவாக விசாரித்துப் பட்டியலைத் திருத்துங்கள். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் களப்பணியாளர்களும், தேர்வான ஊரில் வீடுகளின் பட்டியலை எடுத்த பிறகே மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பட்டியலில் 90 பேர் இருந்து உங்களுக்கு 15 பேர் தேவையென்றால், 1 முதல் 6 வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுங்கள். 4 வந்தால் 4, 10, 16 என்று ஆறு ஆறாகத் தாண்டி 88 வரை செல்லுங்கள். இது முறைசார் மாதிரி. பதினாறாமவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து நிரப்பாதீர்கள், மறுபடி போங்கள். விடியுமுன் பூப்பறிப்பு, பிறகு சந்தை என்பதால் காலையில் எவரும் கிடைக்க மாட்டார்கள். பிற்பகலே ஏற்ற நேரம்.

இந்த உழைப்புக்குப் பதிலாகப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்காரரைப் பிடித்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அவர் கூப்பிட்டு உட்கார வைக்கும் பத்துப் பேரும் அவரிடம் முன்பணம் வாங்கியவர்களாக இருப்பார்கள். தராசுக்குப் பக்கத்தில், அவர் காதுபட, "கமிஷன் எவ்வளவு பிடிக்கிறார்கள், எடையில் கழிவு உண்டா?" என்று கேட்டால், கடன்பட்ட மனிதர் என்ன சொல்வார்? "அண்ணாச்சி நல்லபடியா பார்த்துக்கிறார்" என்பார். நீங்களும் அதைத் தரவு என்று எழுதிக்கொண்டு வருவீர்கள்.

இதைவிட மோசமானவர்கள் கல்லூரிகளைச் சுற்றி இருக்கும் சில புராஜெக்ட் மையத்தினர். கேள்வித்தாளைக் கொடுத்தால் போதும், பதில்களையும் அட்டவணைகளையும் கை-வர்க்கச் சோதனை (chi-square) என்ற புள்ளியியல் சோதனையின் முடிவுகளையும் அவர்களே உண்டாக்கிப் பைண்டிங் செய்து தந்துவிடுகிறார்கள். ஒருவரையும் சந்திக்காமல் ஒரு வட்டாரத்தின் வருமானத்தை எழுதுவது மோசடி. பக்க எண்ணிக்கையையும் ஒப்புமை விழுக்காட்டையும் (பிற நூல்களோடு ஒத்திருக்கும் அளவு) பார்க்கிற பல்கலைக்கழகம், நிரப்பிய கேள்வித்தாள்களைக் கொண்டுவா என்று ஒரு முறையாவது கேட்டிருந்தால் இந்தக் கடைகள் தழைத்திருக்குமா?

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வட்டாரத்தை விட்டு ஒரே கிராமத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் மாதிரியே தேவைப்படாமல் போகலாம். 385 என்பது தொகுதி, அதாவது ஆய்வுக்கு உரியவர்களின் மொத்த எண்ணிக்கை, மிகப் பெரிதாக இருக்கும்போது வரும் எண். 1,000 பேர் உள்ள தொகுதிக்கு அதே துல்லியத்தில் 278 பேர் போதும். 100 பேர் என்றால் 80 பேரும், 60 பேர் என்றால் 52 பேரும் வேண்டும். அறுபதில் எட்டுப் பேரை விடுவதற்காகச் சீட்டுக் குலுக்குவது வீண், எல்லோரையும் கேட்டுவிடுங்கள். அது முழுக் கணக்கெடுப்பு ஆகிவிடும். மாதிரிப் பிழை, அதாவது சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழை, என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆனால் அதன் முடிவு அந்த ஒரு கிராமத்துக்கு மட்டுமே உரியது. தலைப்பில் 'திருமங்கலம் வட்டாரம்' என்று போடக் கூடாது. எனக்குத் தெரிந்து, இரண்டு மாதமே கையில் உள்ள மாணவிக்கு இதுவே நேர்மையான, செய்து முடிக்கக்கூடிய வழி.

அதற்கும் நேரமில்லையென்றால் 140 பதில்களையே வைத்துக்கொள்ளலாம். வசதி மாதிரி என்று பெயரிட்டு, 'பதிலளித்தோரில்' என்ற சொல்லுடன் ஒவ்வொரு முடிவையும் எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்டால், பட்டியல் கிடைக்காததால் இந்த முறையைக் கொண்டதாகவும், குத்தகைதாரர்களும் முதியவர்களும் இதில் குறைவாக இருக்கக்கூடும் என்றும் சொல்லுங்கள். கிராமத்துக்குப் போவதென்று முடிவெடுத்தால், நீங்கள் பார்க்கும் அடங்கல் எந்தப் பசலிக்கு (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டுக்கு) உரியது என்பதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால், பழைய ஏட்டில் மல்லிகை என்று இருக்கும் நிலத்தில் இப்போது வேறு பயிர் நிற்கலாம்.