பறவை ஓவியம்: கையால் வரைந்ததா, பிரிண்ட்டா?

வெள்ளவத்தை பிளாட்டில் மாட்ட ஒரு காட்டுக்கோழி ஓவியம் வாங்கப் போவதாகவும், அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். போன் கமராவை நன்றாகக் கிட்டக் கொண்டுபோய் பெரிதாக்கிப் பாருங்கள், சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிரிண்ட். சிலர் பிரிண்ட் செய்த கேன்வாஸ் மேல் நிறமில்லாத ஜெல் பூசி மேடு பள்ளம் உண்டாக்குவார்கள், அதில்தான் ஏமாறுவோம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பார்த்தால், அப்படி ஜெல் பூசியதில் தூரிகைத் தடம் ஒரு பக்கம் போகும், இறகின் நிறம் வேறு பக்கம் போகும்.

அப்புறம், பறவையையும் பாருங்கள். நம் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழிச் சேவலுக்குச் சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும். அது இல்லாவிட்டால் வரைந்தவர் வீட்டுச் சேவலைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று அர்த்தம் (அழகாக இருந்தால் வாங்குங்கள், தப்பில்லை).

கடற்கரைப் பக்க வீடு என்பதால் நான் நீர்வர்ணத்தைவிட அக்ரிலிக்தான் சொல்வேன், நீர்வர்ணம் வரையும் காகிதம் ஈரப்பதத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடித்துவிடும். வரைந்தவரிடமே பேசி வாங்க, 1993இல் தொடங்கிய ‘கலா பொல’ திறந்தவெளி ஓவியச் சந்தை நல்லது, கொழும்பு கிரீன் பாத் வீதியில் வருடத் தொடக்கத்தில் நடக்கும்.