இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான், குடித்ததையெல்லாம் கக்கிவிடுகிறான். எப்படிச் சமாளித்தீர்கள்?

உங்கள் கேள்வியில் மூன்று சங்கதி இருக்கிறது. ஒவ்வொரு முறை பால் குடித்ததும் கக்குகிறான், படுக்கப் போட்டால் முறுக்கிக்கொண்டு அழுகிறான், வீட்டில் "உன் பால் ஒத்துக்கல, டப்பா பாலுக்கு மாத்து" என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. திருப்பூர்க்காரி. என் மூத்தவள் உட்காரப் பழகும்வரை என் தோளிலேயே கக்கிக்கொண்டிருந்தவள். அப்போது பார்த்ததையும் குழந்தை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், எடை ஏறுகிறதா?

மூத்தவளைக் காட்டப் போனபோது, எவ்வளவு கக்குகிறாள் என்று காட்டுவதற்காகவே ஈரத் துண்டுகளை ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். டாக்டர் அந்தப் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடுப்பூசி அட்டையை வாங்கி, பிறந்த எடையையும் அன்றைய எடையையும் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று கேட்டார். "வெயிட் நல்லாப் போடுது, ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போகுது, அப்புறம் என்னங்க?" என்றார். முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் போதும். ஐந்து மாதம் வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும். 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதே எடை பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் அங்கன்வாடி இருக்கிறது. துணி கழற்றி, அதே தராசில் பாருங்கள். தராசு மாறினால் கணக்கும் மாறும், வீண் பயம்தான் மிச்சம்.

அப்புறம், துண்டில் நனைந்திருப்பதை வைத்து அளவு சொல்லாதீர்கள். இரண்டு டீஸ்பூன் தண்ணீரை ஒரு துண்டில் ஊற்றிப் பாருங்கள். வெறும் 10 மில்லிதான், ஆனால் குடித்தது பூராவும் வெளியே வந்துவிட்டது போலத் தெரியும். எங்கள் அத்தையிடம் இதைச் செய்து காட்டிய பிறகுதான் "பாலே தங்கலயே" என்கிற புலம்பல் கொஞ்சம் நின்றது.

ஏன் கக்குகிறது என்றால், உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. பாட்டிகள் இடுப்பில் சொருகும் சுருக்குப் பையின் கயிறு போல அது இறுக வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அது அடிக்கடி தானாகத் தளர்ந்துவிடும். குடிப்பது முழுக்கத் தண்ணிப் பதம், படுத்திருப்பது முக்கால் நேரம், இரைப்பையோ சின்னது. மேலே வராமல் என்ன செய்யும்? மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் தினம் ஒரு முறையாவது கக்குகிறார்கள். நான்கு மாத வாக்கில் இன்னும் அதிகமாகும், அதைக் கண்டு மிரள வேண்டாம். உட்கார ஆரம்பித்ததும் குறையத் தொடங்கி, ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, இதையெல்லாம் படிக்காமலே, "கக்கற புள்ள தக்கும் கண்ணு, அதுக்குப் போயி நீயெதுக்குத் தூங்காம முழிச்சிட்டுக் கெடக்கற?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, செய்யக்கூடியது என்ன? முதலில், பால் கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். எனக்குப் பால் மிக வேகமாகச் சுரந்தது. வாய் வைத்த கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குப் புரையேறும், வாயை எடுத்துவிட்டு இருமும், மடக் மடக்கென்று காற்றையும் சேர்த்து விழுங்கும். உங்களுக்கும் அப்படியென்றால், முதலில் பீறிட்டு வருவதை ஒரு துணியில் விட்டுவிட்டு, வேகம் குறைந்ததும் வாய் வையுங்கள். நீங்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை உங்கள் மேல் கவிழ்ந்தாற்போல் போட்டுக் கொடுத்தால் பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும், வேகம் தானாகக் குறையும். என் விஷயத்தில் எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம் உதவியது. காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போகிறதா என்று நர்சிடமோ டாக்டரிடமோ ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள். பசித்துக் கதறும்வரை விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். கக்கிய உடனே மறுபடி வாயைத் திறந்து தேடினால் தாராளமாகக் கொடுக்கலாம்.

குடித்து முடித்ததும் 20, 30 நிமிடம் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள். ஏப்பம் வந்தால் நல்லது, வராவிட்டால் முதுகில் அடித்து அடித்து வரவழைக்க வேண்டாம். இந்த வேலையைக் குழந்தையின் அப்பாவிடம் தள்ளிவிடுங்கள். எங்கள் வீட்டில் அவர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, விடியற்காலைப் பாலுக்குப் பின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பார். பனியன் வேஸ்ட் துணியை மெத்தென்று பார்த்து எடுத்துவந்து, கொதிக்கிற தண்ணீரில் அலசிக் காயப்போட்டு அடுக்கி வைத்திருந்தோம். கக்கலைத் துடைக்க அதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது. திருப்பூரில் வாழ்க்கைப்பட்டதற்கு அது ஒரு லாபம்.

சேலைத் தொட்டில் விஷயத்தில் உங்கள் வீட்டிலும் சண்டை வரும் என்று நினைக்கிறேன். பால் குடித்த கையோடு தொட்டிலில் போட்டால் குழந்தை வளைந்து, தாடை நெஞ்சில் படும், வயிறு மடங்கி அழுந்தும், கக்கல் கூடத்தான் செய்யும். தூங்க வைக்கும்போது சமமான, கெட்டியான விரிப்பில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள். "மல்லாக்கப் போட்டா பால் மூச்சுக்குழாய்க்குள்ள போயிருமுங்க" என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். உண்மையில், மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. எதுக்களித்து வரும் பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் போட்டால்தான் அது தலைகீழாகிறது. தூக்கத்தில் திடீரென்று குழந்தை இறந்துபோகும் ஆபத்தும் குப்புறப் படுக்கையில்தான் அதிகம். எதுக்களிப்பு இருக்கிற குழந்தைக்கும் இதே விதிதான். ஆகவே தலைமாட்டைத் தூக்கி வைப்பது, பக்கவாட்டில் தலையணை முட்டுக் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

பெரியவர்கள் பக்கம் வருவோம். எங்கள் ஊர்ப்பக்கம் குழந்தை கக்கினால் உடனே "தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துட்டு வாங்க" என்பார்கள், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அல்லது குடலேற்றம் என்று வயிற்றில் எண்ணெய் போட்டு நீவி, காலைப் பிடித்துத் தலைகீழாக உதறுவார்கள். தாய்ப்பால் தவிர எதுவும் வாயில் போடாத குழந்தைக்குத் தொண்டையில் எது சிக்கும்? பிஞ்சு வயிற்றுக்கும் மூளைக்கும் இந்த உதறல் தேவையா? இரண்டுக்கும் நான் கூட்டிப் போகவில்லை. குளிக்க வைக்கும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பதும் இதே வகைதான். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆக்கக்கூடும். வசம்பு உரைத்துக் கொடுப்பார்கள். வசம்பே வாந்தியைத் தூண்டக்கூடியது, கக்குகிற குழந்தைக்கு அதையா கொடுப்பது? நாக்கில் தேன் தடவுவது ஒரு வயதுவரை கூடவே கூடாது, பாட்யூலிசம் என்கிற நச்சு நோய் வரலாம். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தில் நாட்டிங்காமில் உட்வர்ட் என்பவர் தொடங்கிய சரக்கு. அந்தக் காலத்தில் அதில் சாராயமே இருந்தது. இப்போது வருவதில் அது இல்லை, ஆனால் எதுக்களிப்புக்கு அது மருந்தும் இல்லை. அத்தையிடம் இதையெல்லாம் நேருக்கு நேர் சொல்லிச் சண்டை போடாமல், குளிப்பாட்டுகிற பொறுப்பை அவரிடமே விட்டு, "பால் குடிக்கறதுக்கு முன்னாடி ஊத்திவிட்ருங்கத்தை, மூக்குல மட்டும் எண்ணெய் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று டாக்டர் தலையில் போட்டுவிட்டேன். நன்றாகவே வேலை செய்தது.

மருந்துக் கடையில் "குழந்தை வாந்தி" என்றதும் எடுத்து நீட்டுகிற டாம்பெரிடோன் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது. வயிற்றில் அமிலத்தைக் குறைக்கிற மருந்தையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மற்றபடி நன்றாக வளரும் குழந்தைக்குக் கக்கலுக்காகவோ அழுகைக்காகவோ அதைக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை குடல்நல மருத்துவர்கள் 2018இல் சேர்ந்து எழுதிய வழிகாட்டியில் இருக்கிறது. டாக்டர் பார்த்து, காரணம் சொல்லி எழுதினால் அது வேறு.

கக்கலோடு அழுகையும் முறுக்கலும் அதிகமாக இருந்து, மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும் தெரிந்தாலோ, தோலில் கரப்பான் போல வந்தாலோ, பசும்பாலின் புரதம் உங்கள் வழியாகக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எங்கள் நங்கையாள், அதாவது அண்ணி, குழந்தைக்கு அப்படித்தான் ஆனது. சில வாரம் பால், தயிர், மோர், நெய், பால் பவுடர் போட்ட பிஸ்கட் எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். "எருமைப்பால்ல காப்பி குடிச்சுக்கலாமுங்களா?" என்று அவர் கேட்டார். அதுவும் கூடாது, ஆட்டுப்பாலும் கூடாது, புரதம் ஏறத்தாழ ஒன்றுதான். ராகிக் களி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, கூடவே டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரை என்று சமாளித்தார். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் காரணமில்லாமல் இதைத் தொடங்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே பத்தியம் என்று பாதிச் சாப்பாட்டைக் குறைத்திருப்பார்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. வாந்தி பச்சை நிறமாக வந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது, குடல் முறுக்காக இருக்கலாம். ரத்தம் வந்தாலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் தூரமாகப் பீய்ச்சி அடித்து, அடித்த உடனே மறுபடி பசியில் அழுதால், இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்திருக்கலாம். இது பெரும்பாலும் இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் தெரியவரும், சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். உங்கள் மகனுக்கு அந்த வயதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வயிறு உப்பிக் கெட்டியாவது, காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, எடை ஏறாமல் நிற்பது எதுவாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

டப்பா பாலுக்கு மாற்றச் சொல்கிறார்களே, அதற்குப் பதில்: வேண்டாம். தாய்ப்பால் சீக்கிரம் செரித்து இரைப்பையை விட்டு இறங்கிவிடும், டப்பா பால் அதைவிட நேரம் எடுக்கும். பசும்பால் ஒவ்வாமைதான் காரணம் என்றால், பெரும்பாலான டப்பா பாலும் பசும்பாலில் செய்ததுதான், இன்னும் கெடுதல். பாலைக் கறந்து அரிசிக் கஞ்சியோ பொட்டுக்கடலை மாவோ கலந்து கெட்டியாகக் கொடு என்பார்கள். தாய்ப்பாலிலேயே மாவுச்சத்தை உடைக்கிற நொதி இருக்கிறது, கலந்த கொஞ்ச நேரத்தில் அது மறுபடி நீர்த்துப்போகும். ஆறு மாதம் முடியட்டும், ராகியை முளைகட்டி அரைத்துப் பாலெடுத்துக் கெட்டியாகக் காய்ச்சி ஊட்டலாம். அப்போது உட்காரவும் தொடங்கியிருப்பான், கக்கலும் குறைந்திருக்கும். இப்போதைக்கு இந்த வாரமே எடை பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.