கிறிஸ்துமஸ் காலைக்கு மசாலா மணக்கும் பேக்டு பிரெஞ்ச் டோஸ்ட்: கேள்வி பதில்

டிசம்பர் பிறந்தாலே இந்த ஒரு பலகாரத்தைப் பற்றித்தான் கேள்விகள் வருகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் காலை என்றால் இதுதான். முந்தின இரவே பிரெட்டை முட்டைப்பாலில் ஊறப்போட்டுவிட்டு, காலையில் குழந்தைகள் பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கிற நேரத்தில் ஓவனில் வைத்து எடுப்பார்கள். ஒருத்தர் மட்டும் அடுப்படியில் நின்று துண்டு துண்டாகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி (சிகாகோ): அக்கா, நம் ஊரில் போடும் பாம்பே டோஸ்ட்டைத்தான் ட்ரேயில் அடுக்கி வேகவைக்கிறார்களா? எட்டுப் பேர் வருகிறார்கள், அளவோடு சொல்லுங்கள்.

பதில்: சேர்மானம் கிட்டத்தட்ட அதேதான். வேகிற விதம்தான் வேறு. தோசைக்கல்லில் போடும்போது பிரெட்டின் மேல்பக்கம்தான் முட்டையில் நனைகிறது, இரண்டு நிமிடத்தில் சிவந்துவிடுகிறது. இதில் பிரெட் நடுப்பகுதி வரை முட்டைப்பாலைக் குடித்திருக்கும். அதனால் இதை ஒரு கஸ்டர்ட் (முட்டையும் பாலும் சேர்ந்து வெந்து இறுகுவது) என்று மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவசரப்படாமல் வேக வேண்டும். உள்ளே கொழகொழப்பும் இருக்கக்கூடாது, முட்டை திரிந்து தண்ணீரும் விடக்கூடாது.

23 × 33 செ.மீ. ட்ரேக்கு அளவு: ஹல்லா அல்லது பிரியோஷ் பிரெட் (இரண்டும் முட்டை சேர்த்துச் செய்யும் மெத்தென்ற வகைகள்) 450 கிராம், முட்டை 8, பால் 480 மி.லி., க்ரீம் 120 மி.லி., சர்க்கரை 100 கிராம், வனிலா எசென்ஸ் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. மசாலாவுக்குப் பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, சுக்குத்தூள் அரை, ஜாதிக்காய் துருவல் கால், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. மேலே தூவுகிற ஸ்ட்ரூசலுக்கு மைதா 60 கிராம், பிரவுன் சுகர் 100 கிராம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டி வெண்ணெய் 85 கிராம், உடைத்த பீக்கன் பருப்பு ஒரு கைப்பிடி, கொஞ்சம் பட்டைத்தூள். இவற்றை விரல் நுனியால் பிசிறி உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். மைதாவும் வெண்ணெயும் ஒன்றாக உருண்டு மாவாகிவிடக் கூடாது.

இரவு, பிரெட்டை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக்கி, உலர்த்தி (அதைப் பற்றி அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்), வெண்ணெய் தடவிய ட்ரேயில் பரப்பி, முட்டைப்பாலை ஊற்றுங்கள். மேலே பட்டர் பேப்பர் வைத்துக் கையால் மெல்ல அமுக்கிவிட்டால் மேல்துண்டுகளும் ஊறும். மூடி ஃப்ரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம். காலையில் ஸ்ட்ரூசலைத் தூவி, 175 டிகிரி செல்சியஸில் 45 முதல் 55 நிமிடம். இறக்கியதும் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் சரிந்துவிடும்.

கேள்வி (நியூ ஜெர்சி): போன வருடம் மேலே நன்றாகச் சிவந்துவிட்டது, ஆனால் நடுவில் கரண்டி வைத்தால் கூழ். பழைய பிரெட்தான் போட்டேன். முட்டை கூடிவிட்டதா?

பதில்: முட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்தப் பலகாரம் தேறுவதும் கெடுவதும் முக்கால்வாசி பிரெட்டில் இருக்கிறது. "பழைய பிரெட்" என்று எல்லாக் குறிப்புகளிலும் எழுதியிருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த பிரெட் நான்கு நாள் ஆனால் விறைக்கும், ஆனால் காயாது. அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகுவதால் வருகிற விறைப்பு அது. ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயேதான் இருக்கிறது. ஈரம் இருக்கிற இடத்தில் முட்டைப்பால் எப்படி ஏறும்? ஏறாத பால் அடியில் தேங்கி நிற்கும், நடுவில் கூழாகும்.

அதனால் புது பிரெட்டே போதும், உலர்த்துவதுதான் முக்கியம். துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி 150 டிகிரி ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், பாதியில் ஒருமுறை கிளறிவிடுங்கள். நிறம் மாற வேண்டாம், தொட்டால் ரஸ்க் பக்கம் போயிருக்க வேண்டும், நடுவில் லேசாக மெத்து இருக்கலாம். நன்றாக ஆறின பிறகுதான் முட்டைப்பால்.

கடையில் வெட்டிப் பையில் வருகிற சாண்ட்விச் பிரெட்தான் கிடைக்கிறது என்றால் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக உலர்த்தி, பாலில் 100 மி.லி. குறைத்துக்கொள்ளுங்கள். அந்த பிரெட்டுக்கு உடம்பு கிடையாது, இரவு முழுக்க ஊறினால் கரைந்தே போகும். இரண்டு மணி நேரம் ஊறினாலே போதும்.

வெந்ததா என்று பார்க்க, ட்ரேயை லேசாக ஆட்டுங்கள். நடு மட்டும் மெல்ல அசைந்து நிற்க வேண்டும், அலை அடிக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள். முட்டைப் பலகாரத்துக்கு 71 டிகிரி செல்சியஸ் பாதுகாப்பு எல்லை. நான் 75 காட்டியதும் எடுத்துவிடுவேன். அதற்குள் மேல்பக்கம் கருகப் பார்த்தால் ஃபாயிலைத் தளர்வாக மூடுங்கள்.

கேள்வி (டல்லாஸ்): பட்டைத்தூள் கலக்கவே மாட்டேன் என்கிறது. முட்டை மேல் தீவு தீவாக மிதக்கிறது. ஒரு துண்டில் காரம், ஒரு துண்டில் சப்பென்று இருக்கிறது.

பதில்: பட்டைத்தூள் தண்ணீரோடு எளிதில் சேராது. மசாலாத் தூள்களை முதலில் சர்க்கரையோடு வறட்டுக்குக் கலந்துவிடுங்கள். அதில் இரண்டு முட்டையை மட்டும் உடைத்து ஊற்றிப் பசை போல அடியுங்கள். பிறகு மீதி முட்டை, கடைசியில் பாலும் க்ரீமும். சர்க்கரைத் துகள்கள் தூளைப் பிரித்து வைக்கும், கட்டி தட்டாது. இன்னொரு வழியும் உண்டு: மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் மசாலாவைப் போட்டுக் கலக்கி, உலர்ந்த பிரெட் மேல் பிசறுவது. நாம் தாளிப்பதில் இருக்கிற அதே நியாயம்தான். வாசனை எண்ணெய்கள் கொழுப்பில் இறங்கும். எனக்கு இது இன்னும் பிடிக்கும்.

கேள்வி (ஸ்கார்பரோ): அக்கா, அம்மா ஊரிலயிருந்து கொண்டு வந்த நல்ல கறுவா (பட்டை) வீட்டில இருக்கு. இங்கத்தைய கடைக் கறுவாவுக்குப் பதிலா அதைப் போடலாமோ? போட்டால் மணம் காணாது எண்டு ஒரு சிநேகிதி சொல்லுறா.

பதில்: தாராளமாகப் போடுங்கள். உங்கள் சிநேகிதி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வட அமெரிக்கக் கடைகளில் தூளாக விற்பது பெரும்பாலும் காசியா வகை. தடித்த பட்டை, காரமும் உறைப்பும் கூட. இலங்கைக் கறுவா மெல்லிய தோல்களைச் சுருட்டிச் செய்வது, மணம் மென்மையானது, இனிப்பானது. வெண்ணெயும் பிரவுன் சுகரும் இத்தனை இருக்கிற இடத்தில் அந்த மென்மை அமுங்கிப்போகும். அதனால் அதைத் தூளாக்கிக் கொட்டாதீர்கள். இரண்டு குச்சியை உடைத்துப் பாலில் போட்டுச் சூடாக்கி, கொதி வரும் முன் இறக்கி, மூடி அரைமணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். பால் நன்றாக ஆறின பிறகு முட்டையில் சேருங்கள். ஸ்ட்ரூசலுக்கு மட்டும் கடைத்தூள் போட்டால் மேலே உறைப்பு, உள்ளே உங்கள் ஊர்க் கறுவாவின் மணம் என்று இரண்டும் கிடைக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. காசியாவில் கூமரின் என்ற பொருள் கூடுதல். தினமும் நிறையச் சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. இலங்கைக் கறுவாவில் அது மிக மிகக் குறைவு. பண்டிகைக்கு ஒருநாள் காசியா சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி (ஹூஸ்டன்): கரம் மசாலா போடலாமா? இங்கே "ஆல்ஸ்பைஸ்" என்று ஒன்று கேட்கிறார்கள், அது என்ன கலவை?

பதில்: கரம் மசாலா வேண்டாம். அதில் இருக்கிற சீரகமும் மல்லியும் குருமா வாசனையைக் கொண்டுவந்துவிடும். ஆல்ஸ்பைஸ் கலவை அல்ல. ஜமைக்காவில் பேர்பெற்ற ஒரு மரத்தின் காய்ந்த காய். முகர்ந்தால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்தது போல இருக்கும். கால் தேக்கரண்டி போட்டால் கிராம்பைத் தவிர்த்துவிடுங்கள். கிராம்பில் கைக்கட்டுப்பாடு ரொம்ப அவசியம். பல்வலிக்கு வைத்தால் மரத்துப்போகிறதே, அதற்குக் காரணமான யூஜெனால் என்ற பொருள்தான் நாக்கையும் மரக்க வைக்கும். ஏலக்காய் அரைத் தேக்கரண்டி போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுவீடன், நார்வே நாட்டு இனிப்பு பன்களிலும் ஏலக்காய்தான் மணக்கும்.

கேள்வி (பெங்களூரு): எங்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டோம். மருமகள் அமெரிக்காவிலிருந்து வருகிறாள், அவளுக்காகச் செய்ய ஆசை. வழி உண்டா, அம்மா?

பதில்: உண்டு, அழகாக வரும். முதலில் ஒரு எச்சரிக்கை: ஹல்லாவிலும் பிரியோஷிலும் முட்டை இருக்கும். முட்டை சேராத பிரெட்டா என்று பேக்கரியில் கேட்டு, வெட்டாத முழு ரொட்டியாக வாங்குங்கள்.

முட்டைக்குப் பதில் கஸ்டர்ட் பவுடர். அது பிறந்ததே இதற்காகத்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1837-இல் சோளமாவை வைத்துச் செய்தது. 850 மி.லி. பால், 120 மி.லி. க்ரீம், 4 மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர், மேலே சொன்ன சர்க்கரையும் மசாலாவும். பவுடரைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கரைத்து, மீதிப் பால் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். ஊற்றுகிற பதத்தில் இருக்கும்போதே இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் சேருங்கள்.

இதை இரவே ஊற்றி வைக்காதீர்கள். சோளமாக் கஸ்டர்ட் ஆறினால் இறுகிவிடும், பிரெட்டுக்குள் போகாது. பிரெட்டை உலர்த்துவது, ஸ்ட்ரூசல் பிசிறுவது எல்லாம் இரவு. காலையில் கஸ்டர்டைச் சுடச்சுட ஊற்றி, அரைமணி ஊறவிட்டு, 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம்.

கேள்வி (எட்மன்டன்): கண்ணாடி ட்ரேயை ஃப்ரிட்ஜிலிருந்து நேரே ஓவனுக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. சில்லென்ற கண்ணாடி திடீர்ச் சூட்டில் வெடிக்கலாம். அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள். பலகாரமும் சீராக வேகும். ஆனால் மறந்துபோய் இரண்டு மணி நேரம் விட்டுவிடாதீர்கள், உள்ளே இருப்பது பச்சை முட்டை.

கேள்வி (பாஸ்டன்): எக்நாக் (கிறிஸ்துமஸுக்குக் குடிக்கிற இனிப்பு முட்டைப்பால் பானம்) ஒரு கார்ட்டன் மீந்திருக்கிறது. பாலுக்குப் பதில் ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம், ரொம்ப ருசி. அதிலேயே மஞ்சள் கரு, க்ரீம், சர்க்கரை, ஜாதிக்காய் எல்லாம் இருக்கிறது. க்ரீமையும் ஜாதிக்காயையும் விட்டுவிடுங்கள், 600 மி.லி. எக்நாக், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி (மினியாபொலிஸ்): பழம் சேர்த்தால் தண்ணீர் விடுகிறது. எந்தப் பழம் நல்லது?

பதில்: கிரான்பெர்ரி. அமெரிக்கக் கிரான்பெர்ரியில் பாதிக்கு மேல் உங்கள் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில்தான் விளைகிறது, ஃப்ரோசனாக எப்போதும் கிடைக்கும். உருக வைக்காமல் அப்படியே ஒரு கப் பிரெட் துண்டுகளுக்கிடையே போடுங்கள். அந்தப் புளிப்பு இல்லாமல் இந்த இனிப்பு எனக்குத் திகட்டுகிறது. ஒரு ஆரஞ்சுத் தோலையும் துருவி முட்டைப்பாலில் சேருங்கள். ஆப்பிள் என்றால் வெண்ணெயில் வதக்கி நீர் சுண்டின பிறகு. வாழைப்பழம் இரவெல்லாம் ஊறினால் கறுத்துவிடும், காலையில் பரிமாறும்போது வையுங்கள்.

கேள்வி (மதுரை): ஓவன் இல்லை. குக்கர், இட்லிப் பானை, தோசைக்கல் இவ்வளவுதான். செய்ய முடியுமா, அக்கா?

பதில்: முடியும் தம்பி, இரண்டு கட்டமாக. பாதி அளவு எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட்டை தோசைக்கல்லில் சிறு தீயில் புரட்டிப் புரட்டி உலர்த்துங்கள். முட்டைப்பாலில் இரவு ஊறியதை வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் அமுக்கி, மேலே ஃபாயில் கட்டி (நீராவித் துளி விழக் கூடாது), இட்லிப் பானையில் 40 நிமிடம் மிதமான தீயில் அவியுங்கள். ஆறினதும் தடித்த துண்டுகளாக வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி இருபுறமும் சிவக்க எடுங்கள். ஸ்ட்ரூசலுக்குப் பதில் முந்திரியை வெண்ணெயிலும் நாட்டுச் சர்க்கரையிலும் புரட்டித் தூவுங்கள். ஓவனில் மேல்பக்கம் மட்டும்தான் மொறுமொறுக்கும், உங்களுக்கு இரண்டு பக்கமும் மொறுமொறுக்கும்.

கேள்வி (மிசிசாகா): மேப்பிள் சிரப் விலை பயமுறுத்துகிறது. பான்கேக் சிரப் போதாதா?

பதில்: பான்கேக் சிரப் பெரும்பாலும் சோளச் சிரப்பில் மணமும் நிறமும் சேர்த்தது. ஒரு லிட்டர் மேப்பிள் சிரப்புக்கு ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்ச வேண்டும், விலை அங்கிருந்துதான் வருகிறது. ட்ரேயின் மேல் ஊற்றி வீணாக்காதீர்கள். சின்னக் கிண்ணத்தில் சூடாக்கி வைத்து, அவரவர் தட்டில் ஒரு கரண்டி. மசாலா இருப்பதால் "டார்க்" என்று எழுதிய வகையை வாங்குங்கள், மென்மையான "கோல்டன்" வகை இதில் தெரியாது.

கேள்வி (ராலே): அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருக்கும் ஒரு துண்டு கொடுக்க வேண்டும் என்று ஆசை.

பதில்: முட்டைப்பாலில் உள்ள சர்க்கரையை இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்தாலும் கஸ்டர்ட் இறுகும், பயப்படாதீர்கள். ட்ரேயின் ஒரு மூலையில் ஸ்ட்ரூசல் இல்லாமல் பருப்பு மட்டும் தூவுங்கள், அது அப்பாவின் துண்டு. ஆனாலும் அது பிரெட்தான், மாவுச்சத்து இருக்கிறது. அதனால் சின்னத் துண்டாக, கூடவே ஒரு ஆம்லெட். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய டாக்டர் சொல்கிற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சிகாகோ, அதே வாசகி): மிச்சமானால்?

பதில்: ஆறினதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் வைத்தால் மேல்பக்கம் நமத்துவிடும். ஏர் ஃப்ரையர் அல்லது டோஸ்டர் ஓவனில் 160 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம். துண்டு துண்டாகச் சுற்றி ஃப்ரீசரிலும் போடலாம். புத்தாண்டுக் காலைக்கு அப்படியே ஓவனில் வைத்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தயார்.