304 மேசைக்கு எக்ஸ்எம்பிபி சரிவருமோ?

கொக்குவில் தம்பி: அக்கா, நாலு பேர் ஒன்லைனிலை 304 கடுதாசி விளையாடுற கேம் ஒண்டு செய்யிறன். ஆக்களை இணைக்க எக்ஸ்எம்பிபி காணுமோ, இல்லாட்டி சேர்வரையும் நானே எழுதவேணுமோ?

தாராளமாக் காணும். எக்ஸ்எம்பிபி எண்டது செய்தியளைச் சேர்வர் ஊடா உடனுக்குடன் அனுப்புற முறை, 1999 இலை ஜாபர் எண்ட பேரிலை வந்த சாமான். லொகின், நண்பர் பட்டியல், இப்ப ஆர் ஒன்லைன் எண்ட விபரம் எல்லாம் அதிலையே இருக்கு. ஒரு சாட் அறையை ஒரு மேசையா வையுங்கோ. அறைக்கு அனுப்பினதைச் சேர்வர் எல்லாருக்கும் ஒரே ஒழுங்கிலை அனுப்பும், அனுப்பினவருக்கும் திரும்பி வரும். அப்பிடித் திரும்பி வந்தாப் பிறகுதான் கடுதாசியை மேசையிலை காட்டவேணும். ஆர் முதல் போட்டது எண்ட சண்டை அதோடை முடிஞ்சுது.

ஆனா கையிலை இருக்கிற கடுதாசியளை அறைக்குள்ளை அனுப்பிப்போடாதேங்கோ, எல்லாரும் பாப்பினம். சேர்வர் பக்கத்திலை ஒரு பொட், அதாவது தானா ஓடுற புரோகிராம், இருக்கட்டும். குலைக்கிறதும் அதுதான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஐக்யூவிலை (ஒராளுக்கு மட்டும் போய்ப் பதில் வாற எக்ஸ்எம்பிபி செய்தி) கடுதாசி குடுக்கிறதும் அதுதான். 304 இலை துரும்பைக் கவிட்டு வைக்கிறம்தானே? அதைத் துரும்பு வைச்சவரின்ரை போனும் பொட்டும் மட்டும் அறிஞ்சாப் போதும். ஒரு விளையாட்டுக்காரன்ரை போன் குலைச்சா, அவனுக்கு நாலு கையும் தெரியும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11 எண்டு கூட்டுறதையும் பொட்டிட்டை விடுங்கோ. போன் சொல்லுற கணக்கை நம்பவேண்டாம்.

பருத்தித்துறையிலிருந்து: நாங்கள் செய்யிறது எட்டுப் பேர் ஓடுற மோட்டச்சைக்கிள் ரேஸ். அதுக்கும் இதையே பாவிக்கலாமோ அக்கா?

வேண்டாம். எக்ஸ்எம்பிபி ஓடுறது வழமையா டிசிபியிலை, அதாவது எல்லாத்தையும் ஒழுங்கு மாறாமல் கொண்டுபோற இணைப்பிலை. ஒரு பக்கெற் (டேட்டாத் துண்டு) துலைஞ்சா, அது திரும்ப வருமட்டும் பின்னாலை வந்ததெல்லாம் காத்து நிக்கும். ரேஸிலை போன செக்கன் எங்கை நிண்டனீங்கள் எண்டு ஆருக்கு வேணும்? கணக்கையும் பாருங்கோ: எட்டுப் பேரும் செக்கனுக்கு 20 தரம் இடத்தை அறைக்கு அனுப்பினா உள்ளை 160, சேர்வர் திருப்பி அனுப்பவேண்டியது 1280. அதிலை முக்காவாசி செய்தியைச் சுத்திப் போடுற எக்ஸ்எம்எல் குறியீட்டுச் சட்டைதான். ப்ரொசொடி எண்ட எக்ஸ்எம்பிபி சேர்வரோடை வாற அமைப்பிலை ஒரு இணைப்புக்கு செக்கனுக்கு 10 கேபி எண்டு கட்டுப்பாடும் இருக்கு.

ஆக்களைச் சேர்க்கிற வேலைக்கு மட்டும் எக்ஸ்எம்பிபியை வையுங்கோ. ஜிங்கிள் எண்ட நீட்சியாலை முகவரியளைப் பரிமாறிப்போட்டு, ஓட்டத்தை யூடிபிக்கு (துலைஞ்சதுக்குக் காத்து நிக்காத முறை) மாத்துங்கோ. லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் எண்ட கேமிலையும் சாட்டும் நண்பர் பட்டியலும்தான் எக்ஸ்எம்பிபியிலை இருந்தது, சண்டை போனது வேறை பாதையாலை.

சாவகச்சேரி தங்கச்சி: கரண்ட் போய் வைஃபை நிண்டா, விளையாட்டு குழம்பிடுமே?

எக்ஸ்எம்பிபியின்ரை 0198 ஆம் இலக்க நீட்சியைப் போடுங்கோ. ரெண்டு பக்கமும் செய்தியளை எண்ணிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டாவிலை திரும்பி வந்தோடனை விட்ட இடத்திலையிருந்து தொடரும், கிடைக்காததைச் சேர்வர் திரும்ப அனுப்பும். அப் முழுசா மூடுப்பட்டா அது உதவாது. மேசை நிலையை முழுக்கப் பொட்தான் குடுக்கவேணும். ஒராள் போயிட்டார் எண்டு சேர்வர் அறியவும் நேரம் செல்லும், அதாலை முறைக்கு நேர எல்லையைப் பொட்டிலையே வையுங்கோ.

நல்லூரிலிருந்து: எந்தச் சேர்வர்?

ப்ரொசொடி. சின்னன், பொட்டுக்குத் தேவையானதை லுவா எண்ட புரோகிராம் மொழியிலை எழுதலாம். ஈஜாபர்டி எண்ட மற்றச் சேர்வர் பெரிசு, அதுக்கு எர்லாங் மொழி பழகவேணும்.

கொக்குவில் தம்பி திரும்பவும்: பாட்னர்மார் சாடை காட்டினாப் பிடிக்கேலுமோ?

ஏலாது தம்பி. பக்கத்துப் போனிலை வட்ஸ்அப்பிலை கதைப்பினம், உங்கடை பொட்டுக்கு அது எப்பிடித் தெரியும்? தெரியாத ஆக்கள் சேருற மேசையெண்டா பாட்னரைப் பொட்டே குலுக்கிப் போடட்டும்.